சட்டைப்பைத் துபாசி

திருவண்ணாமலைப் பெரிய கோயிலை விட்டுச் செங்கம் சாலையில் ஏறத்தாழ இரண்டு கிலோமீட்டர் நடந்தால் இரமணாசிரமப் பகுதி வந்துவிடும். மார்கழியிலும் தையிலும் அந்தச் சாலையோரத்தில் அரைமணி நேரம் நின்றவர்க்கு உலக வரைபடத்தை விரித்துப் பார்க்கவேண்டிய தேவை இராது. ஆங்கிலமும் பிரெஞ்சும், செருமனும் உருசியமும், தெலுங்கும் இந்தியும் அவர் காதருகே நடந்துபோகும். மலையை நாடி வருவோர் சிலர். மன அமைதியை நாடி வருவோர் பலர். மக்களைக் கண்டு செல்ல வருவோரும் உண்டு. அவர்களுடைய பக்தியை எடைபோடுவது இன்று நம் வேலை அன்று. அவர்கள் கையிலே இருக்கின்ற ஒரு கருவியைப் பற்றியே பேச விழைகிறோம்.

அப்பகுதிக்குச் சென்று வருவோர் எந்த நாளும் காணக்கூடிய இரண்டு காட்சிகளை முதலில் கூறுகிறோம்.

காட்சி ஒன்று: தேநீர்க் கடை வாயில். நரைத்த கூந்தலுடைய வெளிநாட்டு அம்மையார் ஒருவர் நிற்கிறார். கடைச் சுவரிலே தமிழில் எழுதிய விலைப்பலகை. அம்மையார் தம் கைப்பேசியை உயர்த்திப் பலகைக்கு நேரே பிடிக்கிறார். படம் எடுக்கவில்லை, பார்க்கிறார். என்ன விந்தை! கைப்பேசிக் கண்ணாடியில் தமிழ் எழுத்துகள் மறைகின்றன. அவை இருந்த அதே இடத்தில், அதே பலகையின் மேல், அவருடைய தாய்மொழி எழுத்துகள் முளைக்கின்றன. சுக்குக் காப்பி என்ற வரியை விரலால் சுட்டுகிறார். "உக்காருங்கம்மா, சூடா தர்றேன்" என்கிறார் கடைக்காரர். அவருக்கும் மகிழ்ச்சி, அம்மையாருக்கும் மகிழ்ச்சி. நமக்கும் மகிழ்ச்சியே!

காட்சி இரண்டு: அதே சாலையில் ஒரு மருந்துக்கடையின் படி. எழுபது வயது மூதாட்டி ஒருவர், கையிலே மாத்திரை அட்டை. அருகில் நிற்கும் இளைஞனிடம் நீட்டுகிறார். "தம்பி, இதுல இன்னா எழுதியிருக்குது, கொஞ்சம் பாத்துச் சொல்லுப்பா." அட்டையிலே இருப்பது ஆங்கிலம், அதுவும் எறும்பு ஊர்ந்தாற்போன்ற எழுத்து. "இருங்க ஆயா, செல்லுல காட்டிப் பாக்கறேன்" என்கிறான் அவன். கைப்பேசி காட்டுகிறது. ஏதோ தமிழ் வருகிறது. அவன் படிக்கிறான், நெற்றியைச் சுருக்குகிறான், மறுபடியும் படிக்கிறான். "எதுக்கும் டாக்டரையே ஒருவாட்டி கேட்டுடுங்க ஆயா" என்று அட்டையைத் திருப்பித் தருகிறான்.

தோழர்களே! இரு காட்சியிலும் கருவி ஒன்றுதான். ஆனால் நிலைமை ஒன்றா? அந்த அம்மையார் பிறர் வீட்டுக்கு வந்த விருந்தினர். வந்த வீட்டின் மொழி அவருக்குத் தெரியாதிருப்பது இயற்கை. ஆயாவோ பிறந்த ஊரிலே, வாழ்ந்த தெருவிலே, தாம் காசு கொடுத்து வாங்கிய பொருளிலே உள்ள எழுத்தைப் படிக்கத் துணை தேடுகிறார். விருந்தினர்க்கு மொழிபெயர்ப்பு ஒரு வசதி. வீட்டுக்காரருக்கே அது தேவைப்படுமானால் அதற்கு வசதி என்று பெயரா? இதுவே நாம் எழுப்புகின்ற கேள்வி.

கேள்விக்கு விடை காணுமுன் கருவியை அறிந்துகொள்வோம். அறியாத ஒன்றைப் பழிப்பது பகுத்தறிவாளர்க்கு அழகன்று, புகழ்வதும் அழகன்று.

2010 டிசம்பரில், அமெரிக்காவிலுள்ள குவெஸ்ட் விசுவல் என்ற சிறு நிறுவனம் 'வேர்டு லென்ஸ்' என்னும் பெயரில் இத்தகைய செயலியை வெளியிட்டது. அன்று அதற்குத் தெரிந்த மொழிகள் இரண்டே: ஆங்கிலமும் ஸ்பானியமும். சொல்லுக்குச் சொல் மாற்றி வைக்கும். வாக்கியம் வளைந்தாலும் நெளிந்தாலும் அதற்குக் கவலையில்லை. 2014 மே திங்களில் கூகுள் நிறுவனம் அதை விலைக்கு வாங்கிற்று. 2015 சனவரியில் தன் மொழிபெயர்ப்புச் செயலியோடு இணைத்தது. தமிழ் மொழி அந்த நிறுவனத்தின் மொழிபெயர்ப்புப் பட்டியலில் இடம்பெற்றது 2011 சூன் திங்களில். 2017 ஏப்ரலில், சொல்லைத் தனித்தனியே பாராமல் வாக்கியத்தை முழுமையாக நோக்கும் 'நரம்பு வலை' முறை தமிழுக்கும் வந்தது. 2019 சூலையில், கைப்பேசிக் கண் வழியே படிக்கக்கூடிய மொழிகளின் பட்டியலில் மேலும் அறுபது மொழிகள் சேர்க்கப்பட்டன.

வேலை எப்படி நடக்கிறது? கைப்பேசியின் கண் ஒரு காட்சியைக் காண்கிறது. அதிலே கல் இருக்கும், காக்கை இருக்கும், கடைக்காரரின் தலை இருக்கும். அவற்றினிடையே எழுத்து எது என்று தேடிப் பிரிப்பது முதல் வேலை. பிரித்ததை இன்ன எழுத்து என்று அடையாளம் காண்பது இரண்டாவது வேலை. மொழிபெயர்ப்பது மூன்றாவது. பழைய எழுத்தின்மேல் பலகையின் நிறத்தையே பூசி மறைத்து, அதன்மேல் புதிய எழுத்தைத் தீட்டுவது நான்காவது. நான்கும் நொடிப்பொழுதில் முடிகின்றன! பளிச்சென்ற எழுத்தை மட்டுமே காட்டிப் பழக்கினால் தெருவுக்கு வந்ததும் கருவி தடுமாறும்; ஆகவே அழுக்கேறிய எழுத்து, சாய்ந்த எழுத்து, வெளிச்சம் பட்டு மங்கிய எழுத்து ஆகியவற்றைச் செயற்கையாகவே உண்டாக்கி அதைப் பயிற்றினார்கள். 2015-ல் அந்த நிறுவனத்தின் ஆய்வாளர்களே இதை விளக்கியிருக்கிறார்கள்.

மனித அறிவின் ஆற்றலுக்கு இது சான்று, மறுப்பாரில்லை. மந்திரத்தால் மாங்காய் விழுந்ததாகக் கதை கேட்ட நாட்டிலே, கணக்கினால் மொழி மாறுகின்ற காட்சியைக் கண்ணாரக் காண்கிறோம். வரவேற்கிறோம்!

ஆனால், கணக்குப் பிசகாதா? பிசகும். அதுவும் தமிழிலே பிசகுவதற்கு இடம் ஏராளம். 247 எழுத்துகள், 'கொ' என்று ஓர் எழுத்தை எழுதினால் அதன் குறி இடப்புறம் பாதி, வலப்புறம் பாதி. ஒரு புள்ளி மங்கினால் 'கல்' என்பது 'கல' ஆகிவிடும். எழுத்தைச் சரியாகக் கண்ட பிறகும் பொருள் வழுக்கும். 'ஆறு' ஓடுகிற நீரா, ஐந்துக்கு அடுத்த எண்ணா? 'மாலை' பொழுதா, கழுத்திலே போடுவதா? 'படி' ஏறுவதா, அளப்பதா, நூலைப் படிக்கச் சொல்வதா? பதினான்கு கிலோமீட்டர் மலைவலப் பாதையிலே அடி அண்ணாமலை என்று ஓர் ஊர் இருக்கிறது. மலையின் அடியைச் சொல்லும் பெயர் என்று நமக்குத் தெரியும். 'அண்ணாமலையை அடி' என்று கருவி ஏவிவிட்டால், வெளிநாட்டவர் எந்த அண்ணாமலையைத் தேடிப் போவார்?

சிரிக்கலாம். ஊர்ப் பெயரிலே பிசகினால் சிரிப்பு. மாத்திரை அட்டையிலே பிசகினால்?

'ஒரு வேளை' என்றால் ஒரு பொழுது. சேர்த்து 'ஒருவேளை' என்று எழுதினால் ஐயம். மருந்துச் சீட்டில் உள்ள ஓர் இடைவெளியைக் கருவி காணத் தவறினால், 'ஒரு பொழுது உண்க' என்பது 'உண்டாலும் உண்ணலாம்' என்றாகிவிடக்கூடும். இது வெறும் அச்சம் அன்று. அமெரிக்காவில், நியூயார்க் நகரின் பிராங்க்ஸ் பகுதி மருந்துக்கடைகள் கணினியைக் கொண்டு ஸ்பானிய மொழியில் ஆக்கித் தந்த மருந்துச் சீட்டுகளை ஆராய்ந்தார்கள். அந்த ஆய்வு 2010-ல் வெளிவந்தது. ஏறத்தாழப் பாதிச் சீட்டுகளில் பிழை! 'ஒருமுறை' என்று பொருள்படும் 'ஒன்ஸ்' என்ற ஆங்கிலச் சொல்லின் எழுத்துகளை அப்படியே ஸ்பானியத்தில் படித்தால் 'பதினொன்று' என்று பொருள். நாளைக்கு ஒரு மாத்திரை எங்கே, பதினொரு மாத்திரை எங்கே! அன்றைய கருவியை விட இன்றைய கருவி பன்மடங்கு தேறியிருக்கிறது என்பதை மறைக்கவில்லை. தேறிய கருவியும் தவறும் என்பதை மறக்கவேண்டாம் என்கிறோம்.

தவறு மனிதனுக்கும் நேர்வதுதானே என்பீர்கள். நேரும். ஆனால் மனிதனின் தவறுக்கும் கருவியின் தவறுக்கும் ஒரு வேறுபாடு உண்டு. அதைக் காட்டுவதற்கு இரமணாசிரமமே சான்று தருகிறது.

1896-ல் அந்த ஊருக்கு வந்த இரமணர், மலைக்குகையில் வாழ்ந்த தொடக்க காலத்தில் பேசாதிருந்தார். சிவப்பிரகாசம் பிள்ளை என்ற அரசு அலுவலர் கேட்ட வினாக்களுக்கு மணலிலும் பலகையிலும் எழுதி விடை தந்தார். அவையே 'நான் யார்' என்ற சிறு நூலாயின. 1934-ல் பால் பிரண்டன் என்ற ஆங்கிலேயர் எழுதிய நூல் மேலைநாட்டில் பரவியபின், கடல் கடந்து பலர் வந்தனர். அவர்கள் ஆங்கிலத்தில் கேட்டனர். விடை பெரும்பாலும் தமிழில் வந்தது. நடுவே அமர்ந்து மொழிபெயர்த்தவர்கள் இருந்தனர். முனகால வேங்கடராமய்யா அவர்களுள் ஒருவர். தேவராச முதலியார் மற்றொருவர். அவர்கள் குறித்துவைத்த உரையாடல்கள் இன்றும் நூல்களாக நிற்கின்றன.

அந்தக் கூடத்தை மனத்திரையில் பாருங்கள். கேட்டவர் எதிரில் இருக்கிறார். சொன்னவர் எதிரில் இருக்கிறார். மொழிபெயர்த்தவர் இருவர்க்கும் நடுவில் இருக்கிறார். ஐயம் வந்தால் அப்பொழுதே கேட்கலாம். பிழை நேர்ந்தால் அப்பொழுதே திருத்தலாம். மொழிபெயர்த்தவருக்குப் பெயர் உண்டு, முகம் உண்டு, நாளைக்கும் அதே கூடத்தில் வந்து உட்காரவேண்டிய கடமை உண்டு. இரமணரின் கொள்கையை ஏற்பவரும் ஏற்காதவரும் இதை ஒப்புக்கொள்வர்: அங்கே மொழிபெயர்ப்புக்குப் பொறுப்பாளர் ஒருவர் இருந்தார்.

கைப்பேசி மொழிபெயர்ப்புக்குப் பொறுப்பாளர் யார்? ஆயா உண்ணக்கூடாத மாத்திரையை உண்டுவிட்டால் எந்தக் கதவைத் தட்டுவது? மருந்தை ஆக்கியவர், "நான் ஆங்கிலத்தில் சரியாகத்தானே அச்சிட்டேன்" என்பார். கருவியைச் செய்தவர், "பிழை இருக்கலாம் என்று முன்பே சொல்லிவிட்டோமே" என்பார். இருவரும் சொல்வது உண்மை! இரண்டு உண்மைகளின் நடுவே விழுந்து கிடப்பவர் ஆயா. கையெழுத்து இல்லாத மொழிபெயர்ப்பு இது. கையெழுத்து இல்லாத கடன்பத்திரத்தைக் கொண்டு எவனாவது கடனை வசூலித்திருக்கிறானா?

பழைய வரலாறு ஒன்று நினைவுக்கு வருகிறது. கடல் கடந்து வாணிகம் செய்யவந்த வெள்ளையர்க்கு நம் மக்களின் மொழி தெரியாது. மக்களுக்கு வெள்ளையரின் மொழி தெரியாது. இடையே நின்றவன் துபாசி, இருமொழியாளன். புதுவையில் பிரெஞ்சு ஆளுநர் துய்ப்ளேக்குத் துபாசியாக விளங்கிய ஆனந்தரங்கப் பிள்ளை, 1736 முதல் எழுதிய நாட்குறிப்பைப் புரட்டுவோர்க்கு ஓர் உண்மை விளங்கும். இரு தரப்பாருக்கும் நடுவில் நின்று சொல்லை மாற்றித் தருகிறவன் வெறும் ஏவலாள் அல்லன். செல்வாக்கின் திறவுகோல் அவன் கையிலே! ஆட்சியாளர் மக்களின் மொழியைப் பேசாத இடத்தில்தான் துபாசிக்கு வாழ்வு. மக்களின் மொழியிலேயே ஆட்சி நடக்குமானால் துபாசிக்கு அங்கே என்ன வேலை?

இன்று அந்தத் துபாசி சட்டைப்பைக்குள் வந்து அமர்ந்திருக்கிறான். தலைப்பாகை இல்லை, பல்லக்கு இல்லை, சம்பளமும் கேட்பதில்லை. ஆனால் அவன் எசமானர் கடல் கடந்த நாட்டிலே இருக்கிறார். அவன் எந்தச் சொல்லுக்கு எந்தச் சொல்லை வைப்பான், எந்த மொழியை முதலில் கற்பான், எந்த மொழியைக் காத்திருக்கச் சொல்வான் என்பதையெல்லாம் அந்த எசமானரே முடிவு செய்கிறார். நம் அண்டைவீட்டு மொழியான துளுவுக்கு அந்த மொழிபெயர்ப்புப் பட்டியலில் இடம் கிடைத்தது 2024-ல்! அதுவரை, துளுவர்க்கு அந்தச் சாளரம் அடைத்தே கிடந்தது. காரணம் துளு மக்கள் பேசாமையா? இல்லை. கருவி உண்டு வளரத்தக்க அளவுக்கு அம்மொழியின் எழுத்து கணினியிலே குவியவில்லை.

இப்பொழுது அரசியலுக்கு வருவோம். அரசியல் இல்லாத மொழி எங்கே இருக்கிறது?

"கையிலே கருவி வந்துவிட்டது, எந்த மொழியில் எழுதினால் என்ன? காட்டிப் படித்துக்கொள்ளவேண்டியதுதானே! இனியும் மொழி உரிமை, மொழி உரிமை என்று முழங்குவானேன்?" இப்படி ஒரு குரல் மெல்லப் புறப்பட்டிருக்கிறது. இனிமையான குரல், அறிவியல் ஆடை உடுத்திய குரல். ஆடையை நீக்கிப் பார்த்தால் உள்ளே இருப்பது பழைய ஆசாமிதான். அன்று, "இந்தியைக் கற்றுக்கொள்" என்றார். இன்று, "கற்கவேண்டாம், கைப்பேசியைக் காட்டு" என்கிறார். தாம் மட்டும் மாறமாட்டார். மாறவேண்டியவன் எப்பொழுதும் நீயும் நானும்!

நடந்ததைக் கூறுகிறோம். 2020-ல் மத்திய ரிசர்வ் காவல் படைத் தேர்வுக்குத் தமிழ்நாட்டிலும் புதுவையிலும் மையம் வேண்டும் என்று மதுரை நாடாளுமன்ற உறுப்பினர் சு. வெங்கடேசன் ஒன்றிய அரசுக்கு ஆங்கிலத்தில் எழுதினார். உள்துறை இணையமைச்சரிடமிருந்து வந்த விடை இந்தியில் இருந்தது. அவர் என்ன செய்திருக்கலாம்? கைப்பேசியை எடுத்து அந்தக் கடிதத்தின்மேல் காட்டியிருக்கலாம். நொடியிலே ஏதோ ஒரு தமிழ் வந்திருக்கும். அவர் அதைச் செய்யாமல் உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளைக்குச் சென்றார். 2021 ஆகஸ்டில் தீர்ப்பு வந்தது: ஆங்கிலத்தில் எழுதியவர்க்கு ஆங்கிலத்திலேயே விடை தரவேண்டும்! ஒன்றிய அரசின் 1976-ஆம் ஆண்டு ஆட்சிமொழி விதிகள் தமிழ்நாடு நீங்கலாகத்தான் பொருந்தும் என்று அந்த விதிகளிலேயே எழுதியிருக்கிறது. எத்தனை பேர் சிந்திய குருதிக்கும் கண்ணீருக்கும் பிறகு கிடைத்தது அந்தச் சிறு சொற்றொடர்! கருவி இருக்கிறதே என்று அதைக் கைவிடுவதா?

இன்னொன்று. 2023 மார்ச்சில், தயிர் உறைமேல் 'தஹி' என்று எழுதி, 'தயிர்' என்பதை அடைப்புக்குறிக்குள் போடலாம் என்றது டில்லியில் உள்ள உணவுப் பாதுகாப்பு ஆணையம். நம் மாட்டுப்பால், நம் உழவர் கறந்தது, நம் ஊரில் உறைந்தது. அதன் பெயர் மட்டும் அடைப்புக்குள் சிறையிருக்க வேண்டுமாம்! தமிழகமும் கருநாடகமும் எதிர்த்தன. அந்த மாதம் 30-ஆம் நாளே ஆணையம் இறங்கிவந்தது. அன்றும் எவனாவது, "உறையின்மேல் கைப்பேசியைக் காட்டினால் தஹி தயிராகிவிடுமே" என்று சொல்லி நாம் வாயடைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? தஹி தஹியாகவே உறைந்திருக்கும்.

அதோடு முடிந்ததா? இல்லை. உணவுப் பொட்டலத்தின்மேல் கட்டாயம் அச்சிடவேண்டிய செய்திகள் ஆங்கிலத்திலோ தேவநாகரி எழுத்து இந்தியிலோ இருந்தால் போதும் என்பதே இன்றைய விதி. வேறு மொழியைச் சேர்க்கத் தடை இல்லை, கட்டாயமும் இல்லை. தமிழ்நாட்டுக் குழந்தைக்குத் தமிழ்நாட்டுத் தாய் வாங்கும் பொட்டலத்தில், 'இதில் நிலக்கடலை கலந்திருக்கிறது' என்ற எச்சரிக்கை தமிழில் இருந்தாகவேண்டும் என்று எந்த விதியும் சொல்லவில்லை. கடலை ஒவ்வாத குழந்தையின் உயிர், தாயின் கைப்பேசியில் அன்றைக்கு மின்னூட்டம் இருக்கிறதா என்பதைப் பொறுத்திருக்கலாமா? கைப்பேசியே இல்லாத தாய் என்ன செய்வாள்? 2011 மக்கள்தொகைக் கணக்கின்படி தமிழ்நாட்டில் எழுத்தறிவு பெற்றோர் நூற்றுக்கு 80 பேர். ஏனையோர்க்குப் பலகையும் பயனில்லை, கைப்பேசித் திரையும் பயனில்லை; அவர்களுக்கு வாய்திறந்து படித்துச் சொல்ல ஆள் வேண்டும். படித்துச் சொல்பவனுக்காவது தன் மொழியில் அச்சிட்ட எழுத்து இருக்கவேண்டாமா?

2023 டிசம்பர் 17 அன்று காசித் தமிழ்ச் சங்கமத்தில் தலைமை அமைச்சர் இந்தியில் பேசினார். 'பாஷினி' என்னும் ஒன்றிய அரசின் மொழிபெயர்ப்புப் பொறி, அங்கே வந்திருந்த தமிழர்களின் காதுகளில் அதை உடனுக்குடன் தமிழாக்கி ஒலித்தது. மேடைப் பேச்சுக்கு அது ஏற்கத்தக்கதே, பழிக்கமாட்டோம். ஆனால் பேச்சு வேறு, ஆணை வேறு. கேட்டுவிட்டுக் கலைந்துபோகும் கூட்டத்துக்குப் பொறியின் தமிழ் போதும். நிலப்பட்டா, காப்பீட்டுப் பத்திரம், வங்கிக் கடன் ஒப்பந்தம், மருந்து எச்சரிக்கை, தொடர்வண்டி அறிவிப்பு, நீதிமன்றத் தாள் ஆகியவை நம் வாழ்வைக் கட்டுகிற எழுத்துகள். கட்டுகிறவன் எந்த மொழியில் கட்டுகிறான் என்பது கட்டப்படுகிறவனுக்குத் தெரியவேண்டும். அந்தத் தமிழுக்குக் கீழே எழுதியவனின் கையெழுத்து இருக்கவேண்டும். அதைப் பொறியைக் கொண்டு எழுதினாயா, புலவரைக் கொண்டு எழுதினாயா என்று நாம் கேட்கப்போவதில்லை. எழுதியதற்கு நீ பொறுப்பா என்பதே கேள்வி.

மன்னர் காலத்தைக் கூட இங்கே துணைக்கு அழைக்கலாம். திருவண்ணாமலைக் கோயிலின் ஆயிரங்கால் மண்டபமும் இராசகோபுரத் தொடக்கமும் கிருட்டிணதேவராயர் பெயரோடு இணைந்தவை. விசயநகரத்தார் தமிழர் அல்லர். எனினும் அவர்கள் காலத்துக் கல்வெட்டுகள் தமிழகக் கோயில் சுவர்களில் ஏராளமாகத் தமிழில் நிற்கின்றன. ஏன்? தமிழ்மேல் கொண்ட காதலா? இருக்கலாம். அதைவிட எளிய காரணம் ஒன்று உண்டு. நிலம் யாருடையது, வரி எவ்வளவு, விளக்குக்கு எண்ணெய் அளப்பவர் யார் என்பது அந்த ஊரானுக்குத் தெரியவேண்டும். கல்லிலே வெட்டிய சொல்லிலிருந்து வெட்டியவன் பின்வாங்க முடியாது. வாளேந்திய மன்னனுக்குத் தோன்றிய நியாயம், வாக்கு வாங்கிய அரசுக்கும் விலை வாங்கிய வணிகனுக்கும் தோன்றவேண்டாமா?

பிறரை நோக்கி விரல் நீட்டினோம். நம்மை நோக்கியும் ஒரு விரல் திரும்பட்டும்.

இரமணாசிரமப் பகுதியின் தெருக்களில் விருந்தினர்க்காக எழுதிய ஆங்கிலப் பலகைகள் பல. இருக்கட்டும், வந்தவர்க்கு வழிகாட்டுவது பண்பாடு. தெலுங்குப் பலகை வைத்தால் மலைவலம் வருகின்ற ஆந்திர உழவருக்கு உதவி, அதுவும் இருக்கட்டும். ஆனால் தமிழை நீக்கிவிட்டு அவற்றை வைப்பது பண்பாடா? கடைப் பெயர்ப்பலகையில் தமிழ் முதன்மை பெறவேண்டும் என்று விதி இருக்கிறது. விதியை மறந்தவர் யார்? டில்லிக்காரரா? நம் தெருக்காரரே! சில பலகைகளில் தமிழ் எழுத்து இருக்கும், தமிழ் இருக்காது. ஆங்கிலச் சொல்லைத் தமிழ் எழுத்தால் எழுதி, வரி முழுவதையும் நிரப்பியிருப்பார்கள். அதைக் கருவிக்குக் காட்டினால் கருவியும் திகைக்கும். ஆயாவுக்குக் காட்டினால் ஆயாவும் திகைப்பார்!

கருவி தமிழை எங்கிருந்து கற்கிறது என்பதையும் எண்ணிப் பாருங்கள். நாம் எழுதிக் கணினியிலே ஏற்றிய தமிழிலிருந்துதான்! 1998-ல் தொடங்கிய மதுரைத் திட்டத்தில், உலகெங்கும் உள்ள தமிழர் ஊதியமின்றிப் பழந்தமிழ் நூல்களைத் தட்டெழுதி ஏற்றினர். 1999 பிப்ரவரியில் கலைஞர் ஆட்சியில் சென்னையில் கூடிய தமிழிணைய மாநாடு விசைப்பலகையை ஒழுங்குபடுத்திற்று. 2003-ல் தமிழ் விக்கிப்பீடியா தொடங்கிற்று. சென்னை ஐ.ஐ.டி.யின் 'ஏஐ4பாரத்' ஆய்வுக்குழு, அரசமைப்பின் எட்டாவது அட்டவணையிலுள்ள 22 மொழிகளுக்குமான மொழிபெயர்ப்புப் பொறியை 2023-ல் எவரும் எடுத்தாளும்படி வெளியிட்டது. துபாசிக்கு வெளிநாட்டு எசமானர் ஒருவரே இருக்கவேண்டும் என்ற விதி இல்லை என்பதற்கு இது சான்று. நாம் நல்ல தமிழை மிகுதியாகத் தந்தால் நம் துபாசியும் நல்ல தமிழ் பேசுவான். ஆங்கிலக் கலவையை அள்ளிக் கொட்டினால், அவன் அதையே நமக்குத் திருப்பி ஊட்டுவான்.

ஆகவே தோழர்களே, செய்யவேண்டியவை மூன்று.

முதலாவது: நம் ஊர் மன்றத்திலும் படிப்பகத்திலும் வாரத்தில் ஒருநாள், ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். படிக்கத் தெரியாதவர், பார்வை மங்கியவர் கொண்டுவரும் சீட்டையும் கடிதத்தையும் படித்துச் சொல்லுங்கள். கைப்பேசியையும் பயன்படுத்துங்கள், ஆனால் அது சொல்வதை இறுதி முடிவாக எண்ணாதீர்கள். மருந்தென்றால் மருத்துவரையோ மருந்தாளுநரையோ கேட்ட பிறகே சொல்லுங்கள்.

இரண்டாவது: தமிழ் இல்லாத அறிவிப்பை, படிவத்தை, பொட்டலத்தைக் கண்டால் தேதியோடு குறித்துவையுங்கள். உரிய அலுவலருக்குத் தமிழிலேயே எழுதுங்கள். ஒன்றியத்திலோ மாநிலத்திலோ வழங்கும் எந்த மொழியிலும் குறையைத் தெரிவித்துக்கொள்ளும் உரிமையை அரசமைப்பின் 350-ஆம் பிரிவு தருகிறது. உரிமை, பயன்படுத்தாத கத்தியைப்போல் உறையிலேயே துருப்பிடிக்கலாகாது.

மூன்றாவது: நம் கடை, நம் அலுவலகம், நம் திருமண அழைப்பு, நம் பலகை ஆகிய இவற்றில் தமிழ் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பிறகு பிறரைக் கேளுங்கள்.

விருந்தினராக வந்த அம்மையார் கைப்பேசியை உயர்த்தி நம் தமிழைப் படிக்கட்டும். படிக்க அங்கே தமிழ் இருந்ததால்தானே அவர் உயர்த்தினார்! அந்தக் கடைக்காரரைப்போல் நாமும் புன்னகையோடு இருக்கை காட்டுவோம். கருவியைக் கண்டு அஞ்சவேண்டாம். அது நல்ல பணியாள். ஆனால் பணியாள் இருக்கிறான் என்பதற்காக, வீட்டின் பத்திரத்தை வீட்டுக்காரருக்குத் தெரியாத மொழியில் எழுத எவரையும் விடமாட்டோம்.

மருந்துக்கடைப் படியிலே ஆயா இன்னும் நிற்கிறார், மாத்திரை அட்டையைக் கையில் ஏந்தியபடி. அவர் கேட்பது இலக்கியம் அன்று, காவியம் அன்று. தாம் விழுங்கப்போவது இன்னது என்று தமக்குப் புரியும் சொல்லில், பொறுப்புள்ள ஒருவர் அச்சிட்டுத் தரவேண்டும் என்கிறார். அவ்வளவே! அந்த ஒரு வரித் தமிழ் அட்டையில் ஏறும் நாள்வரை நமக்கு வேலை இருக்கிறது.